சீனத்தின் எதிர்ப்புப் போர் (1937-1945): நிகழாத முடிவுகள் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

தமிழில் ‘செயின்’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் ஒன்று உண்டு. ‘மழை பெய்யின் குளம் நிறையும்’ என்பது அதற்கு எளிய எடுத்துக்காட்டு. அதனைக் கழிந்த காலத்தின்மேல் ஏற்றி, ‘மழை பெய்திருப்பின் குளம் நிறைந்திருக்கும்’ என்று கூறுமிடத்து, மழை பெய்யவில்லை, குளமும் நிறையவில்லை என்னும் இரண்டும் குறிப்பாற் பெறப்படும். வரலாற்றுத் துறையில் இத்தகைய தொடருக்கு இடம் உண்டா என்பது அறிஞர் நெடிது வழக்கிட்டு வரும் வினா. நிகழ்ந்ததைக் கூறுவதே வரலாறு, நிகழாததைக் கூறுவது கதை என்பர் ஒரு சாரார். ஆயின், ‘இதனால் இது நிகழ்ந்தது’ என்று காரணங் கூறும் ஒவ்வொரு தொடரினுள்ளும், ‘இஃது இல்லையேல் அது நிகழ்ந்திராது’ என்னும் எதிர்மறை மறைந்து கிடக்கின்றது. ஆகலின் காரணம் ஆராய்வோர் அனைவரும் நிகழாதவற்றையும் எண்ணியே தீர்கின்றனர். அதனை மறைவாகச் செய்தலினும் வெளிப்படச் செய்தலே ஆராய்ச்சி நெறிக்கு ஏற்றது.

ஆயினும் கற்பனைக்கு எல்லை வேண்டும். நாம் ஈண்டு இரண்டு வரையறைகளை மேற்கொள்கின்றோம். முடிவெடுக்கும் நிலையில் இருந்தோர் தாமே எண்ணிப் பார்த்து ஏற்கவோ தள்ளவோ செய்த வழிகளையும், அவர்கள் கைக்கு எட்டும் நிலையில் இருந்த வழிகளையும் மட்டுமே மாற்று வழிகளாகக் கொள்வோம், இஃது ஒன்று. அவ்வழியிற் சென்றிருப்பின் விளைந்திருக்கக்கூடியவற்றைச் சான்று தாங்கும் அளவுக்கே கூறுவோம், இஃது இரண்டாவது. இவ்வரையறைகளைக் கொண்டு, 1937 முதல் 1945 வரை சீனம் ஜப்பானை எதிர்த்து நடத்திய போரை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்போர் பற்றிய மதிப்பீடு காலந்தோறும் மாறி வந்துள்ளது. 1971-ல் வெளிவந்த பார்பரா டக்மனின் நூல், அமெரிக்கப் படைத்தலைவர் ஸ்டில்வெல்லின் கண்கொண்டு சியாங் கை-ஷேக்கின் அரசை நோக்கியது. பொருது வெல்ல முயலாது காத்திருந்த அரசு என்னும் எண்ணம் அதனால் வலுப்பெற்றது. 2003-ல் ஹான்ஸ் வான் டி வென்னும், 2013-ல் ரானா மிட்டரும் வெளியிட்ட நூல்கள் அவ்வெண்ணத்தை மறுத்து, போரின் பெருஞ்சுமையைத் தாங்கியது அவ்வரசே என நிறுவ முயன்றன. இவ்விரு சாராரும் அரசின் ஆற்றலையே அளந்தனர். நாம் அளக்க விரும்புவது வேறு. சீனத்தின் முன்னர் இரண்டு வினாக்கள் இருந்தன. எதிர்ப்பதா, பணிவதா என்பது முதல் வினா. எதிர்ப்பின் எவ்வாறு எதிர்ப்பது, அதன் விலையை யார் கொடுப்பது என்பது இரண்டாம் வினா. இவற்றை ஒன்றாகக் குழப்புதலால் பல பிழைகள் நேர்ந்துள்ளன. ஆகலின் தனித்தனியே ஆராய்வாம்.

முதல் அமைதி முயற்சி

1937 ஜூலை 7-ஆம் நாள் பீப்பிங் நகருக்கு அண்மையிலுள்ள மார்க்கோ போலோ பாலத்தருகே இரு நாட்டுப் படைகளும் மோதின. ஆகஸ்டு 13-ல் ஷாங்காயில் பெரும்போர் மூண்டது. ஜெர்மானிய அறிவுரையாளர் பயிற்றிய தன் சிறந்த படைப்பிரிவுகளைச் சியாங் அங்கு ஈடுபடுத்தினார். மூன்று திங்கள் நடந்த அப்போரில் அவற்றின் பெரும்பகுதி அழிந்தது.

இந்நிலையில் சீனத்திலிருந்த ஜெர்மானியத் தூதர் ஆஸ்கர் டிராட்மன் வழியாக ஜப்பானின் அமைதி விதிகள் நவம்பர் 5-ஆம் நாள் சியாங்கிடம் வந்தன. உள் மங்கோலியாவுக்குத் தன்னாட்சி, வட சீனத்தில் படையகற்றிய பகுதி, ஷாங்காயில் அத்தகைய பகுதியை விரித்தல், ஜப்பானிய எதிர்ப்புக் கொள்கையைக் கைவிடல், பொதுவுடைமைக்கு எதிராக ஒத்துழைத்தல் முதலியன அவற்றுட் சில. பிரசல்ஸ் நகரிற் கூடிய ஒன்பது வல்லரசு உடன்படிக்கை மாநாடு தமக்குத் துணைநிற்கும் என்று நம்பிய சியாங் அவற்றை ஏற்றிலர். மாநாடு பயனின்றிக் கலைந்தது. டிசம்பர் 2-ல் அவர் படைத்தலைவர்களைக் கலந்தார். இவ்விதிகள் பேச்சுக்கு அடிப்படையாகலாம் என்று அவருட் சிலர் கூற, சியாங்கும் அதற்கு இசைந்து டிராட்மனிடம் தெரிவித்தார். ஆயின் டிசம்பர் 13-ல் நான்கிங் வீழ்ந்தது. அங்கு நிகழ்ந்த படுகொலையில் இறந்தோர் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர் எனத் தோக்கியோவில் நடந்த போர்க்குற்ற நீதிமன்றம் பின்னர் மதிப்பிட்டது. வெற்றியிற் களித்த ஜப்பானிய அரசு தன் விதிகளைக் கடுமையாக்கியது. மஞ்சுகுவோவை ஏற்றல், போரிழப்பீடு கொடுத்தல் ஆகியனவும் புதிதாகக் கேட்கப்பட்டன. 1938 ஜனவரி 16-ல் தலைமை அமைச்சர் கோனோயே, இனிச் சீனத் தேசிய அரசோடு பேசுவதில்லை என்று அறிவித்தார்.

நவம்பரிலேயே சியாங் இசைந்திருப்பின் நான்கிங் தப்பியிருக்கும் என்று கூறுவோர் உளர். இக்கூற்றை எளிதில் தள்ளுதல் இயலாது. அந்நகரின் பல இலட்சம் உயிர்கள் இவ்வினாவிற் கட்டுண்டுள்ளன. ஆயினும் இரண்டு செய்திகள் கருதற்பாலன. ஒன்று, டிராட்மன் விதிகளைக் கொணர்ந்த அதே நவம்பர் 5-ல் ஜப்பானின் பத்தாம் படை ஹாங்சௌ விரிகுடாவில் இறங்கியது. அதன்பின் களத்திலிருந்த தலைவர்கள், தோக்கியோ வரையறுத்த எல்லைக்கோட்டைக் கடந்து தலைநகர் நோக்கி விரைந்தனர். நான்கிங்கைத் தாக்குக என்னும் ஆணை டிசம்பர் முதல் நாளில்தான் பிறந்தது. தன் படையையே கட்டுப்படுத்த இயலாத அரசின் வாக்குறுதியை நம்பியே சியாங் இசைந்திருக்க வேண்டும். இரண்டு, 1933-ல் தாங்கு உடன்பாட்டுக்குப் பின்னரும் 1935-ல் ஹோ-உமேசு உடன்பாட்டுக்குப் பின்னரும் ஜப்பானின் கோரிக்கை நின்றதில்லை. ஒவ்வோர் உடன்பாடும் அடுத்த கோரிக்கைக்குப் படியாகவே அமைந்தது.

ஜப்பானியப் படைத்தலைமையின் துணைத்தலைவர் தாதா ஹயாவோ, பேச்சினைத் தொடர்தல் வேண்டும் என 1938 ஜனவரி 15-ஆம் நாள் கூட்டத்தில் வாதாடினார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. அவர் சொல் எடுபடவில்லை. ஆகவே முதல் கிளைவழியை அடைத்தது சீனத்தின் பிடிவாதம் மட்டும் அன்று; தோக்கியோவின் தீர்மானமே இறுதியில் அதனை அடைத்தது என்பது தெளிவு.

வாங் சிங்-வெய் சென்ற வழி

இரண்டாம் அமைதி முயற்சி ஆராய்ச்சியாளர்க்கு ஓர் அரிய வாய்ப்பைத் தருகின்றது. ஏனெனில் அம்மாற்று வழியில் ஒருவர் மெய்யாகவே நடந்து சென்றார். கோமின்டாங் கட்சியின் இரண்டாம் தலைவராயிருந்த வாங் சிங்-வெய் 1938 டிசம்பர் 18-ல் சுங்கிங்கை விட்டு நீங்கி, குன்மிங் வழியாக ஹனாய் சென்றார். அவரை வெறும் பதவி வேட்கையர் என்று ஒதுக்குதல் முறையன்று. அவ்வாண்டு நவம்பரில், பகைவர் வருகின்றனர் என்ற அச்சத்தாற் சீன அதிகாரிகளே சாங்ஷா நகருக்குத் தீ வைத்தனர். நகரின் பெரும்பகுதி எரிந்தது. பகைவரோ அப்பொழுது வந்திலர். நாட்டைக் காப்பதாகக் கூறி நாட்டையே எரிக்கும் போர் எதற்கு என்னும் கேள்வி, வாங் ஒருவர் உள்ளத்தில் மட்டும் எழுந்ததன்று.

நவம்பரில் ஷாங்காயிற் செய்த மறைவான உடன்பாட்டில், அமைதி ஏற்பட்டபின் இரண்டாண்டுகளுக்குள் படைகளை மீட்பதாக ஜப்பானியர் ஒப்பியிருந்தனர். ஆயின் டிசம்பர் 22-ல் கோனோயே வெளியிட்ட அறிக்கையில் படை மீட்சி பற்றிய சொல்லே இல்லை. பின்னர் நடந்த பேச்சில் கோரிக்கைகள் பெருகின. 1940 ஜனவரியில் வாங்கின் துணைவராயிருந்த காவ் சுங்-வூ, தாவ் சீ-ஷெங் ஆகிய இருவரும் அவரைப் பிரிந்து, உடன்படிக்கை வரைவை ஹாங்காங்கில் வெளியிட்டனர். அமைதி என்னும் பெயரால் எத்துணைக் கட்டுப்பாடு சுமத்தப்படவிருந்தது என்பதை உலகம் அப்பொழுது கண்டது. 1940 மார்ச்சு 30-ல் நான்கிங்கில் நிறுவப்பட்ட வாங்கின் அரசு, ஜப்பானியப் படையின் நிழலிலேயே வாழ்ந்தது. 1943-ல் வெளிநாட்டார் குடியேற்றப் பகுதிகள் சில அவ்வரசிடம் ஒப்படைக்கப்பட்டன என்பது மெய்யே. ஆயின் அதே ஆண்டின் தொடக்கத்தில் அவ்வரசு அமெரிக்காவோடும் பிரிட்டனோடும் போர் அறிவிக்கவும் நேர்ந்தது. அமைதி நாடிச் சென்றவர் கண்ட முடிவு மற்றுமொரு போராயிற்று. 1944 நவம்பரில் அவர் நகோயாவில் இறந்தார்.

ஆகவே, ‘சீனம் பணிந்திருப்பின் யாது நேர்ந்திருக்கும்?’ என்னும் வினாவுக்கு விடை முழுதும் கற்பனையன்று. அதன் சிறு வடிவம் ஒன்று நான்கிங்கில் நிகழ்ந்தே இருந்தது. எதிர்க்கும் உறுதியும் சியாங் ஒருவருடையது அன்று. பீப்பிங், சிங்ஹுவா, நன்காய் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்கள் முதலில் சாங்ஷாவிலும், பின்னர்க் குன்மிங்கிலும் ஒன்றுகூடி 1946 வரை பாடம் நடத்தின. 1938-ன் தொடக்கத்தில் சாங்ஷாவிலிருந்து குன்மிங் வரை மாணவர் ஒரு குழுவினர் இரண்டு திங்களுக்கு மேல் பெரும்பாலும் நடந்தே சென்றனர். பழங்கவிதை ஆராய்ச்சியாளரும் கவிஞருமாகிய வென் யி-துவோ அவர்களோடு சென்ற ஆசிரியருள் ஒருவர். அரசின் ஆணைக்கு அஞ்சி மட்டும் இத்துணைத் தொலைவு நடந்தனர் என்று கூறுதல் பொருந்தாது.

இவ்வெதிர்ப்பின் விளைவு சீன எல்லையோடு நின்றதில்லை. 1941 அக்டோபரில் ஜப்பானிய அமைச்சரவை பிளவுண்டதற்குச் சீனத்திலிருந்து படைகளை மீட்க இயலாதென்று போர் அமைச்சர் தோஜோ உறுதியாக நின்றதே முதற்காரணம். நவம்பரில் அமெரிக்கா எண்ணியிருந்த இடைக்கால உடன்பாடு கைவிடப்பட்டதற்குச் சியாங்கின் கடும் எதிர்ப்பும் ஒரு காரணம். சீனம் முன்னரே பணிந்திருப்பின் பசிபிக் போர் நிகழ்ந்திராது என்று துணிந்து கூறல் இயலாது. ஆயின் அது நிகழ்ந்த வடிவில் நிகழ்ந்திராது என்று கூறலாம். பர்மாச் சாலை வழியாகச் சீனத்துக்குச் செல்லும் பொருள்களைத் தடுத்தல், 1942-ல் ஜப்பான் பர்மாவைத் தாக்கியதன் நோக்கங்களுள் ஒன்று. அத்தாக்குதலால் பர்மாவிலிருந்து கால்நடையாக வெளியேறிய இந்தியருள் தமிழரும் மிகப் பலர். பர்மாவிலிருந்த படைக்குப் பொருள் அனுப்புதற்கென 1942-43-ல் அமைத்த சயாம் இருப்புப்பாதையில் மலேயாத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். போரின் விலையை அதனைத் தொடங்காதோரும் கொடுக்க நேர்ந்தது என்பதற்கு இது நம்மவர் அறிந்த சான்று.

மஞ்சளாற்றின் கரை

இனி இரண்டாம் வினாவுக்கு வருவாம். எதிர்ப்பதென்று துணிந்தபின் எவ்வாறு எதிர்ப்பது என்பதில் சீன அரசுக்கு எத்துணை உரிமை இருந்தது?

1938 ஏப்பிரலில் தைஎர்சுவாங் என்னுமிடத்தில் லி சுங்-ஜென் தலைமையிற் சீனர் வென்றனர். ஆயின் மே 19-ல் ஸூச்சௌ வீழ்ந்தது. ஜூன் 6-ல் கைஃபெங் வீழ்ந்தது. அடுத்து இருப்புப்பாதைகள் கூடும் செங்சௌ நகரும் வீழின், தெற்கே ஊஹான் வரை வழி திறந்துவிடும். அப்பொழுது மஞ்சளாற்றின் கரையை உடைத்து வெள்ளத்தால் பகைவரைத் தடுப்பதென்று சியாங் இசைந்தார். முதலில் முயன்ற இடத்தில் நீர் பாயவில்லை. செங்சௌவின் வடக்கேயுள்ள ஹ்வாயுவான்கௌ என்னுமிடத்தில் ஜூன் 9-ல் கரை உடைக்கப்பட்டது. 1855 முதல் வடகிழக்கே ஓடிய ஆறு தென்கிழக்கே திரும்பி ஹோனான், அன்ஹுவெய், கியாங்சு ஆகிய மூன்று மாகாணங்களிற் பரந்தது. வெள்ளத்தாலும் அதனைத் தொடர்ந்த பசி பிணிகளாலும் இறந்தோர் நான்கு இலட்சத்திலிருந்து ஒன்பது இலட்சம் வரை பலவாறு மதிப்பிடப்படுவர். 1947-ல்தான் ஆறு மீண்டும் பழைய வழியிற் செலுத்தப்பட்டது.

தமிழில் ‘கரை உடைந்தது’ என்பது தன்வினை. ‘கரையை உடைத்தனர்’ என்பது பிறவினை. பிறவினையில் எழுவாய் யார் என்ற கேள்வி தப்பாது எழும். சீன அரசு அக்கேள்விக்குப் பொய்விடை கூறியது. ஜப்பானிய வானூர்திகளே குண்டு வீசி உடைத்தன என்று அறிவித்தது. படைச்செயல் வெளிப்படலாகாது என்பதற்காக, நீர் பாயவிருந்த நெடும் பரப்பிலிருந்த உழவர்க்கு முன்னறிவிப்பும் இல்லை.

இச்செயலை ஆதரிப்போர் கூறும் காரணம் வலியதே. வெள்ளத்தால் செங்சௌ அப்பொழுது தப்பியது; ஊஹான் அக்டோபர் 25 வரை நின்றது. அவ்விடைக்காலத்தில் பொறிகளும் மக்களும் மேற்கே கொண்டு செல்லப்பட்டன. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில், லூ சுவோ-ஃபுவின் மின்ஷெங் கப்பல் நிறுவனம் இசாங் துறையிற் குவிந்திருந்த தொழிற்பொருள்களை ஆற்றுநீர் வற்றுமுன் சுமார் நாற்பது நாளில் மேலேற்றியது. சுங்கிங்கின் படைக்கலத் தொழில் அதனால் நிலைபெற்றது. காலம் கிடைத்திராவிடின் இவையெல்லாம் கிடைத்திரா என்பர்.

இவ்வாதத்தில் ஒரு குறை உண்டு. கரை உடைந்து மூன்று நாளில், ஜூன் 12-ல், ஜப்பானியர் யாங்சி ஆற்றங்கரையிலுள்ள அன்கிங்கைக் கைப்பற்றினர். ஊஹானை நோக்கிய பெருந்தாக்குதல் யாங்சியின் வழியாகவே நடந்தது. ஆகவே வெள்ளம் ஒரு வாயிலை அடைத்ததேயன்றி எல்லா வாயிலையும் அடைக்கவில்லை. ஊஹான் நான்கு திங்கள் நின்றதற்கு யாங்சிக் கரைகளிற் பொருத படைகளின் பங்கும் பெரிது. வெள்ளம் தந்த காலம் எவ்வளவு, படைவீரர் குருதி தந்த காலம் எவ்வளவு எனப் பிரித்தறிதல் எளிதன்று. கிடைத்த காலம் முழுவதையும் வெள்ளத்தின் கணக்கில் எழுதுதல் மட்டும் நேரிய கணக்காகாது.

கரையை உடையாதிருத்தல் ஒரு மாற்று வழி. உடைப்பினும் மக்களை முன்னர் அகற்றுதல் மற்றொன்று. பின்னதற்குச் சில நாள் தேவைப்பட்டிருக்கும். அந்நாள்களிற் செங்சௌ வீழ்ந்திருக்கவும் கூடும். இதனை மறைத்தல் கூடாது. ஆயின் வெள்ளம் கடலென ஒரே நாளிற் பாய்ந்ததன்று. கோடை மழையோடு திங்கட்கணக்கிற் பரந்தது. அவ்வளவு காலத்திலும் உண்மையைக் கூறி மக்களை மேட்டு நிலங்களுக்கு அனுப்பத் தடை யாது? பொய்யைக் காத்தல் வேண்டும் என்னும் ஒன்றே தடையாயிற்று.

1944-ல் விளைந்தது

இக்கணக்கு 1938-ல் முடியவில்லை. வெள்ளத்தால் நிலமும் குடியும் இழந்த ஹோனானின் மேல், நாட்டின் படைகள் பெருந்தொகையாகத் தங்கின. 1941 முதல் நிலவரி தானியமாகவே தண்டப்பட்டது. 1942-ல் மழை பொய்த்தது, வரியோ நின்றதில்லை. 1942-43 பஞ்சத்தில் இருபது முதல் முப்பது இலட்சம் பேர் இறந்தனர் என்பது பொதுவான மதிப்பீடு. அதனை எழுதிய ‘தா குங் பாவ்’ என்னும் நாளிதழை 1943 பிப்பிரவரியில் மூன்று நாள் வெளிவராதபடி அரசு நிறுத்தியது. வெள்ளம், வறட்சி, வெட்டுக்கிளி, தாங் என்பனவே தம் நான்கு துன்பங்கள் என்று அம்மாகாண மக்கள் கூறினர். நான்காவதாகக் கூறப்பட்ட தாங் என்பவர் தம் நாட்டுப் படைத்தலைவராகிய தாங் என்-போ. மைக்கா மஸ்கோலினோவின் 2015-ஆம் ஆண்டு நூல் போர், வெள்ளம், பஞ்சம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று வளர்த்த முறையை விளக்குகின்றது.

1944 ஏப்பிரலில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் வீரரைக் கொண்டு ஜப்பானியர் ‘இச்சிகோ’ என்னும் பெருந்தாக்குதலை ஹோனானில் தொடங்கினர். சீனப் படை சிதறியது. அப்பொழுது உழவர் கூட்டங்கூட்டமாகத் திரண்டு, பின்வாங்கிய தம் நாட்டு வீரரின் படைக்கலங்களையே பறித்தனர். மே மாத இறுதிக்குள் லோயாங் வீழ்ந்தது. சிறந்த படைகள் பர்மா முனையில் ஈடுபட்டிருந்தமையும், வெளிநாட்டுப் பொருள் மிகச் சிறிதே வந்தமையும் அத்தோல்விக்குக் காரணங்களே. ஹெங்யாங் நகரம் 47 நாள் பொருது ஆகஸ்டு 8-ல் வீழ்ந்தமை, வீரர் வீரம் இழந்திலர் என்பதைக் காட்டும். எனினும் ஹோனானில் வீழ்ந்தது அரண் மட்டும் அன்று. குடிகளுக்கும் அரசுக்கும் இடையே இருந்த பற்றும் வீழ்ந்தது.

அதே காலத்தில் பொதுவுடைமைக் கட்சி வட சீன ஊர்ப்புறங்களில் வேரூன்றியது. நெடும்போர் பற்றி 1938-ல் யெனானிற் பேசிய மாவோ சே-துங், மக்களின் ஆதரவையே போரின் அடிப்படையாகக் கொண்டார். 1937-ல் ஏறத்தாழ 40,000 பேராயிருந்த அக்கட்சி 1945-ல் 12 இலட்சம் பேரைக் கொண்டதாயிற்று. 1949-ன் முடிவுக்குக் காரணங்கள் பல. ஹோனான் ஒன்றே காரணம் என்று நாம் கூறவில்லை. ஆயின் ஹோனானை நீக்கி அம்முடிவை விளக்குதல் அரிது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. பணிவதா என்னும் முதல் வினாவில், சீனத்துக்கு மெய்யான மாற்று வழி மிகக் குறுகியதாகவே இருந்தது. அமைதி கேட்டவர்க்கு அமைதி தரும் நிலையில் ஜப்பானிய அரசு இருந்ததில்லை என்பதை 1937-ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளும் வாங் சிங்-வெய்யின் முடிவும் காட்டுகின்றன. எவ்வாறு எதிர்ப்பது என்னும் இரண்டாம் வினாவிலோ வழிகள் பல திறந்திருந்தன. முன்னறிவித்தல், உண்மை கூறல், பஞ்ச காலத்தில் வரி நீக்கல் ஆகிய இவை பகைவர் இசைவை வேண்டாதவை. அரசின் கையிலேயே இருந்தவை.

இப்போரிற் சீனத்தில் இறந்தோர் ஒரு கோடியே நாற்பது இலட்சம் முதல் இரண்டு கோடி வரை என மதிப்பிடுவர். அவருட் பெரும்பாலோர் படையெடுத்தோரால் மாண்டனர். அப்பழி ஜப்பானியப் படையரசையே சாரும். எஞ்சியோரின் கணக்கை அப்பழியினுள் அடக்கி மறைத்தல் வரலாற்றாசிரியர் செயலன்று. எதிர்த்தல் தக்கது என்று நிறுவியவுடன், எதிர்த்தற்பொருட்டுச் செய்தன யாவும் தக்கன என்று நிறுவியதாகாது. மழை பெய்திருப்பின் என்னும் தொடரில் மழையைக் கேள்வி கேட்பார் இல்லை. கரையை உடைத்திராவிடின் என்னும் தொடரில் உடைத்தவரைக் கேட்டே தீர வேண்டும். நிகழாத முடிவுகளை ஆராய்வதன் பயன் இக்கேள்வியை விடாது வைத்திருத்தலே என்பது எம் துணிபு.